காசு கொடுத்து வாங்கியவனுக்கே பூட்டு: கணினி கேம்களின் ஐம்பது வருடக் கதை

கேம் என்றாலே நேரத்தைக் கொல்லும் சாமான் என்று நினைக்கும் பெற்றோர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விட வேண்டாம். கேம் விளையாடுவது நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நாம் வரவில்லை. கடையில் காசு கொடுத்து ஒரு சாமானை வாங்கினால் அது யாருக்குச் சொந்தம் என்ற விஷயத்தைத்தான் கதைக்கப் போகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஒரு விடுகதையோடு தொடங்குவோம். 2002 அளவில் கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு வாப்பா தன் மகனுக்கு ஒரிஜினல் கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பொடியன் அதே கேமைப் பஜாரில் கள்ள சீடியாக வாங்கினான். இரண்டு சீடியும் கீறல் படாமல் இன்றைக்கும் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டையும் இப்போதுள்ள விண்டோஸ் கணினியில் போட்டுப் பார்த்தால், ஓடக்கூடியது எது?

பெரும்பாலும் கள்ள சீடிதான் ஓடும். வாப்பா வாங்கி வந்த ஒரிஜினல் "டிஸ்க்கைப் போடுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் செத்துக் கிடக்கும். இது எப்படி வந்தது என்பதுதான் கதை.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கள்ளப் பிரதி ஹலாலா ஹராமா என்று கேட்டு கொமண்ட் போடப் போகிறவர்கள் உங்கள் ஊர் மௌலவிமாரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நாம் எழுதுவது வரலாறு.

மென்பொருளைக் கொப்பி அடிப்பது பற்றிய சண்டை, வீட்டுக் கணினிகளின் வயதுக்குச் சமமானது. 1976 பெப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ், கணினிப் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்டெயர் என்ற கணினிக்கு அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மென்பொருளை எல்லோரும் பாவிக்கிறார்கள், ஆனால் அல்டெயர் வைத்திருப்பவர்களில் பத்து வீதத்துக்கும் குறைவானோரே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது அவரது முறைப்பாடு. அந்தக் காலத்தில் மென்பொருள் ஓட்டை போட்ட கடதாசி நாடாவில் வந்தது. ஒருவர் வாங்கினால் கழகமே கொப்பி எடுத்துக் கொள்ளும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதக்கணக்கில் உழைத்து எழுதியதை ஓசியில் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

1980களில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஸ்பெக்ட்ரம் கணினி வந்தது. அதற்குக் கேம்கள் வந்தது பாட்டுக் கேட்கும் அதே கெசட்டில். இரட்டைக் கெசட் ரெக்கோர்டர் உள்ள வீட்டில் ஒரு கேமைக் கொப்பி எடுப்பது, ஒரு நண்பனுக்குப் பாட்டுக் கெசட் பதிந்து கொடுப்பது போலத்தான். 1984 இல் வந்த ஜெட் செட் வில்லி என்ற கேமோடு நிறக் கட்டங்கள் நிறைந்த ஒரு அட்டை வந்தது. கேம் ஆரம்பிக்கும்போது இந்த இடத்தில் என்ன நிறங்கள் என்று கேட்கும். கலர் போட்டோக்கொப்பி அன்றைக்கு எளிதில் கிடைக்காது, அதனால் பிழைத்துக் கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிள்ளைகள் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விட்டார்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை மட்டும் காசு கொடுத்து வாங்கியும் வெளியே நின்றது. அந்தப் பிள்ளையை யாரும் யோசித்திருக்கவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து லென்ஸ்லொக். எலைட் என்ற புகழ்பெற்ற விண்வெளிக் கேமின் ஸ்பெக்ட்ரம் பதிப்போடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கண்ணாடி வந்தது. திரையில் குழம்பிப்போன இரண்டு எழுத்துகள் தெரியும். அந்தக் கண்ணாடியை டீவியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எழுத்து நேராகும். அதை டைப் பண்ணினால்தான் கேம் திறக்கும். டீவி பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் எழுத்து சரியாகத் தெரியாது. அதோடு ஒரு தொகுதிப் பெட்டிகளில் வேறு கேமுக்குரிய கண்ணாடியை மாற்றிப் போட்டு அனுப்பி விட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துப் போனார்கள். கொப்பி எடுத்தவர்களோ அந்தப் பகுதியையே வெட்டி எறிந்துவிட்ட கெசட்டில் நிம்மதியாக விளையாடினார்கள்.

பின்னால் வரும் எல்லாக் கதைகளும் இதே அச்சில் வார்த்தவைதான்.

நெகிழ்வட்டுக் காலத்தில் தொல்லை வேறு விதமாக இருந்தது. வட்டின் சில இடங்களை வேண்டுமென்றே பழுதாக்கி வைப்பார்கள். சாதாரண கொப்பி அடிக்கும் கட்டளை அந்த இடத்தில் தடுக்கி விழும். இது வேலை செய்யாத இடங்களில் காகிதத்துக்குப் போனார்கள். "கையேட்டின் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல் என்ன?" என்று கேம் கேட்கும். கையேடு இல்லாதவன் கள்ளன். வீடு மாறும்போது கையேட்டைத் தொலைத்தவனும் கள்ளன். 1989 இல் வந்த சிம்சிட்டியோடு கடும் சிவப்புத் தாளில் நகரங்களின் சனத்தொகை அச்சடித்த அட்டவணை வந்தது. போட்டோக்கொப்பி மெஷினில் போட்டால் முழுக் கறுப்பாக வரும் என்பதற்காக அந்த நிறம். மின்குமிழ் வெளிச்சத்தில் அதை வாசிப்பது வாங்கியவனுக்கும் கஷ்டம்தான்.

இந்தக் காலத்தில் எல்லாமே எரிச்சல் என்று சொல்லிவிடவும் முடியாது. 1990 இல் வந்த மங்கி ஐலண்ட் என்ற கடற்கொள்ளையர் கேமுக்கு இரண்டு அட்டைச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் ஒரு வட்டம் கொடுத்தார்கள். மேல் பாதி முகத்தையும் கீழ் பாதி முகத்தையும் பொருத்தி, அந்தக் கொள்ளைக்காரன் எந்த ஆண்டு தூக்கிலிடப்பட்டான் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுவே ஒரு விளையாட்டுப் போல இருந்ததால் யாரும் பெரிதாகக் கோபிக்கவில்லை.

நம் நாட்டில் கணினி பார்த்த முதல் தலைமுறைக்குப் பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா நன்றாகத் தெரியும். முதல் கட்டம் முடிந்ததும் ஒரு அறையில் வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் எழுத்து. கையேட்டைப் பார்த்து சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால் கதவு திறக்கும். பிழையானவற்றைக் குடித்துக்கொண்டே போனால் இளவரசன் மௌத்து. கையேடு என்று ஒன்று இருந்ததே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. கைமாறிக் கைமாறி வந்த நெகிழ்வட்டில் ஏது கையேடு? அதனால் அந்த அறையைக் கதையின் ஒரு பகுதி என்றே நினைத்து, ஒவ்வொரு குப்பியாகக் குடித்துச் செத்துப் பழகிய நானாமார் இதை வாசித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு எமது அனுதாபங்கள். அது புதிர் இல்லை, பூட்டு.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் கணினிக் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை ஆட்கள் கொப்பி எடுக்கிறார்கள் என்று, அப்படிக் கொப்பி எடுப்பவர்களின் நெகிழ்வட்டில் போய்க் குந்தும் ஒரு சின்னப் புரோகிராமை எழுதியதாக அவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஒளிந்து மறைந்து செய்யவில்லை. தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி, மருந்துக்கு எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள் என்றும் போட்டார்கள். அது லாகூரோடு நிற்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை பரவியது. அதன் பெயர் பிரெய்ன். ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு வந்த முதல் வைரஸ் என்று உலகம் அதைத்தான் பதிந்து வைத்திருக்கிறது. கொப்பியைத் தடுக்கப் போய் வைரஸைப் பெற்ற கதை. ஆனால் அந்தச் சகோதரர்களைப் பார்த்துச் சிரிக்க முதல், இருபது வருடம் கழித்துப் பெரிய பெரிய கம்பனிகள் செய்ததைப் பார்ப்போம்.

1990களின் முற்பகுதியில் சீடி வந்தபோது கம்பனிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. 650 மெகாபைட்டை எவன் கொப்பி எடுப்பான்? அந்தக் காலத்து வன்தட்டே அவ்வளவு கொள்ளாது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சீடி எழுதும் கருவி மலிந்துவிட்டது. எமது ஊர்ப் பக்கத்திலும் பொலித்தீன் உறையில், கலர் பிரின்ட் எடுத்த படத்தோடு, கேம் சீடிகள் கடை வாசலில் தொங்கத் தொடங்கின. நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அதற்கு "ஒரிஜினல்" என்று ஒன்று உண்டு என்பதே பலருக்கும் தெரியாது. கடைக்காரரே "ஒரிஜினல் சாமான் தம்பி" என்றுதான் விற்பார்.

இதற்குப் பதிலாக வந்தவைதான் சேஃப்டிஸ்க், செக்யூரொம் போன்ற பூட்டுகள். தொழிற்சாலையில் சீடியை அச்சடிக்கும்போதே, வீட்டுக் கருவியால் அப்படியே எழுத முடியாத சில அடையாளங்களைப் பதிப்பார்கள். கேம் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். முழுக் கேமும் வன்தட்டில் இன்ஸ்டோல் பண்ணி இருந்தாலும் சீடி உள்ளே இருந்தே ஆக வேண்டும். நம் நாட்டுப் புழுதிக்கும் வெக்கைக்கும், தம்பி தங்கச்சிமாரின் கைகளுக்கும் ஒரு சீடி எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்? சீடி கீறுப்பட்டால் கேமும் போயிற்று. ஒரு காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால், பூட்டே அதைத் தடுக்கத்தானே இருக்கிறது.

ஆகவே நேர்மையாக வாங்கியவர்களும், சீடியைக் கேட்காத மாதிரி மாற்றப்பட்ட கோப்பைக் கள்ளத் தளங்களில் தேடிப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். காசைக் கடையில் கட்டிவிட்டு வசதியைக் கள்ளனிடம் வாங்கும் நிலைமை.

இந்தக் காலத்துப் பூட்டுகளில் அதிகம் சாபம் வாங்கியது ஸ்டார்ஃபோர்ஸ். ரஷ்யாவில் செய்யப்பட்டது. இது கேமோடு மட்டும் நிற்காமல் விண்டோஸின் அடிமட்டத்தில் தன் டிரைவரைப் பதித்துக்கொள்ளும். கேமை அழித்த பிறகும் அது போகாது. சீடி டிரைவ் மந்தமாகிறது, கணினி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது என்று பாவனையாளர்கள் முறையிட்டார்கள், கம்பனி மறுத்தது. 2006 மார்ச்சில் நடந்த ஒன்று மட்டும் எந்த மறுப்புக்கும் இடம் வைக்கவில்லை. ஸ்டார்டொக் என்ற அமெரிக்கக் கம்பனி கெலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 என்ற கேமைப் பூட்டே இல்லாமல் விற்றது, நன்றாகவும் விற்பனையானது. பூட்டு விற்கும் கம்பனிக்கு இது பொறுக்குமா? ஸ்டார்ஃபோர்ஸின் ஊழியர் ஒருவர், கம்பனியின் சொந்த இணையப் பக்கத்திலேயே, அந்தக் கேமின் கள்ளப் பிரதி கிடைக்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுத்தார். பூட்டில்லாவிட்டால் திருட்டுப் போகும் என்று காட்டுவதற்காகவாம். பூட்டுக்காரனே கள்ளனுக்கு வழி காட்டிய அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதமே யுபிசொஃப்ட் நிறுவனம் ஸ்டார்ஃபோர்ஸைக் கைவிட்டது.

சேஃப்டிஸ்க்கும் இதே வழியில்தான் போனது. அதன் டிரைவரை மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்த்தே கொடுத்து வந்தது. 2007 இல் அந்த டிரைவரில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கேமே விளையாடாதவர்களின் கணினிக்குள்ளும் அந்த ஓட்டை இருந்தது. 2007 டிசம்பரில் அதை அடைத்தார்கள். கடைசியில் 2015 இல் விண்டோஸ் 10 வந்தபோது பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த டிரைவரை முற்றாக நிறுத்தினார்கள். சில வாரங்களில் பழைய விண்டோஸ்களுக்கும் அதே கதி. ஒரே அடியில் நூற்றுக்கணக்கான ஒரிஜினல் சீடிகள் ஊமையாகின. பூட்டு செத்தது, சாவியும் அதோடு செத்தது. கள்ள சீடிகளில் அந்தப் பூட்டு எப்போதோ கழற்றப்பட்டு விட்டதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நமது விடுகதைக்கு விடை இதுதான்.

சரி, கம்பனிகளாவது தங்கள் பூட்டை நம்பினவா? 2008 இல் யுபிசொஃப்டின் ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2 கேமை இணையத்தில் டவுன்லோட் செய்து வாங்கியவர்களுக்கு ஒரு புதிய திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் சீடி கேட்டது. டவுன்லோட் செய்தவரிடம் ஏது சீடி? முறைப்பாடு குவிந்ததும் கம்பனி ஒரு தீர்வுக் கோப்பை வெளியிட்டது. ஆர்வமுள்ள யாரோ அதைத் திறந்து பார்த்தால், உள்ளே ரீலோடட் என்ற கள்ளக் குழுவின் பெயர் இருக்கிறது! கள்ளர்கள் உடைத்துக் கொடுத்த கோப்பை எடுத்துத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறது கம்பனி. 2010 இல் மெக்ஸ் பெய்ன் 2 விலும் இதே மாதிரி வேறொரு கள்ளக் குழுவின் அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டது. யார் யாரிடம் திருடினார்கள் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இணையம் பரவியதும் பூட்டு சீடியிலிருந்து சேர்வருக்கு மாறியது. 2007 இல் பயோஷொக் முதலில் இரண்டு முறைதான் இன்ஸ்டோல் பண்ணலாம் என்றது. சத்தம் போட்டதும் ஐந்தாக்கினார்கள். 2008 செப்டெம்பரில் வந்த ஸ்போர் மூன்று முறை என்றது. கணினி பழுதாகி ஃபோமட் பண்ணினால் ஒன்று போயிற்று, சில பாகங்களை மாற்றினால் இன்னொன்று. மூன்றும் முடிந்தால் கம்பனிக்கு அழைத்து, நான்தான் வாங்கியவன் என்று நிரூபிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்தகத்தை நான்காம் தடவை திறக்கும்போது பதிப்பகத்துக்குக் கடிதம் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? அமேசனில் ஆட்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை எழுதிக் குவித்தார்கள். அந்தக் கேமின் கள்ளப் பிரதியோ வெளியீட்டு நாளுக்கு முன்பே இணையத்தில் இருந்தது. டொரண்ட்ஃப்ரீக் தளத்தின் கணக்கில் அந்த வருடம் அதிகம் கள்ளமாக டவுன்லோட் செய்யப்பட்ட கேம் ஸ்போர்தான், சுமார் 17 இலட்சம் தடவை.

பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் 2010 இல் அடுத்தது வந்தது. தனியாக விளையாடும் கேமுக்கும் இணையத் தொடர்பு விடாமல் இருக்க வேண்டும் என்றது யுபிசொஃப்ட். அசாசின்ஸ் கிரீட் 2 விளையாடிக்கொண்டிருக்கும்போது லைன் போனால் கேம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெளியாகி ஒரு வாரம் ஆகவில்லை, மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை கம்பனியின் சேர்வரே விழுந்துவிட்டது. வாங்கிய பலர் லீவு நாளில் பல மணித்தியாலம் சும்மா இருந்தார்கள்.

அந்தப் பூட்டை வடிவமைத்தவர்கள் யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று நாம் யோசிப்பதுண்டு. நிச்சயமாக நம்மை இல்லை. மாத முடிவில் டேட்டா முடிந்து நூலாகும் இணைப்பு, மழை பெய்தால் போகும் சிக்னல், 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. இன்வேர்ட்டரில் லெப்டொப்பை ஓட்டிக்கொண்டு, கோபுரத்தில் சிக்னல் இல்லாமல் இருக்கும் பிள்ளையிடம் "இணையத்தோடு இணையுங்கள்" என்று கேட்பதில் என்ன நியாயம்? 2012 மே மாதம் டியாப்லோ 3 வந்த அன்று உலகம் முழுக்க "பிழை 37" என்ற வாசகத்தைத்தான் பார்த்தது. 2013 மார்ச்சில் புதிய சிம்சிட்டியும் அப்படியே. இணையமில்லாமல் ஓட்டுவது பெரிய பொறியியல் வேலை என்று கம்பனி சொன்னது. சில நாட்களிலேயே ஒரு தனி ஆள் சில வரிகளை மாற்றி, இணைப்பில்லாமல் ஓடுவதைக் காட்டினார். ஒரு வருடம் கழித்துக் கம்பனியும் அந்த வசதியைக் கொடுத்தது.

இவ்வளவும் வாசித்துவிட்டுக் கள்ளப் பிரதிக்காரர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2013 இல் அவுஸ்திரேலியாவில் பெட்ரிக், டேனியல் க்ளூக் என்ற இரு சகோதரர்கள் கேம் டெவ் டைகூன் என்ற சின்னக் கேமை வெளியிட்டார்கள். ஒரு கேம் கம்பனியை நடத்துவதுதான் அந்தக் கேம். பூட்டு எதுவும் போடவில்லை, விலை எட்டு டொலர். எப்படியும் திருடுவார்கள் என்று தெரிந்ததால், வெளியிட்ட அன்றே ஒரு கள்ளப் பிரதியை அவர்களே இணையத்தில் போட்டார்கள். அதில் ஒரே ஒரு வித்தியாசம். விளையாடுபவரின் கற்பனைக் கம்பனி வளர்ந்து வரும்போது, எல்லோரும் உங்கள் கேமைக் கொப்பி எடுக்கிறார்கள், விற்பனை இல்லை என்ற செய்தி வரும். கடைசியில் கம்பனி வங்குரோத்தாகும்.

முதல் நாள் முடிவில் காசு கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர். கள்ளப் பிரதி விளையாடியவர்கள் 3,104 பேர். அதில் சிலர் வெட்கமில்லாமல் உதவி கேட்டு எழுதினார்கள். எனது கம்பனி கொப்பியால் நாசமாகிறது, இந்தக் கேமுக்குள் கொப்பித் தடுப்புப் பூட்டு ஏதும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கலாமா என்று! அந்த இரு சகோதரர்கள் அதை வாசித்துச் சிரித்தார்களா அழுதார்களா?

ஆக, திருட்டு உண்மை. நஷ்டமும் உண்மை. ஆனால் பூட்டு அதைத் தடுத்ததா என்பதுதான் கேள்வி, இதற்கு நமக்குக் கிடைத்த மிக நல்ல பதில் போலந்திலிருந்து வருகிறது.

கம்யூனிச ஆட்சி முடிந்த காலத்துப் போலந்து, கேம் விஷயத்தில் அப்படியே நம் நாடு. வார்சோவில் ஒரு பழைய விளையாட்டரங்கைச் சுற்றியிருந்த சந்தையில் கள்ள சீடிகள் மரக்கறி மாதிரிக் குவித்து விற்கப்பட்டன. 1994 இல் மார்சின் இவின்ஸ்கி, மிஹல் கிசின்ஸ்கி என்ற இரு பள்ளித் தோழர்கள் அங்கே சீடி புரொஜெக்ட் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். சட்டப்படி கேம் விற்க வேண்டும், ஆனால் கள்ள சீடியின் விலைக்கு இறங்க முடியாது. 1999 இல் பால்டர்ஸ் கேட் என்ற பெரிய கேமை எடுத்தார்கள். அதைப் போலிஷ் மொழிக்கு மாற்றினார்கள், குரலுக்கு நாட்டின் பிரபல நடிகர்களைப் பிடித்தார்கள். பெட்டிக்குள் தோல் போன்ற தாளில் ஒரு வரைபடமும் பாட்டு சீடியும் வைத்தார்கள். சந்தைக்காரன் சீடியைக் கொப்பி எடுக்கலாம், அந்தப் பெட்டியை எடுக்க முடியாது. முதல் நாளிலேயே சுமார் 18,000 பெட்டிகள் போயின. கள்ள சீடி மலிந்த நாட்டில்!

இந்தக் கதையில் நமக்கு அதிகம் பிடித்தது மொழி. தன் மொழியில், தன் ஊர்க்காரர் குரலில் கிடைத்ததும் ஆட்கள் காசை எடுத்து நீட்டினார்கள். தமிழில் அப்படி ஒருவர் முயன்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே கம்பனி 2008 இல் ஜிஓஜி என்ற தளத்தைத் தொடங்கிப் பழைய கேம்களைப் பூட்டைக் கழற்றி, புதிய விண்டோஸில் ஓடும்படி திருத்தி விற்கத் தொடங்கியது. வாங்கினால் கோப்பு உங்களுடையது. எத்தனை கணினியிலும் போடலாம், இணையம் தேவையில்லை. 2011 இல் தங்கள் சொந்தக் கேமான விட்சர் 2 ஐ வெளியிட்டபோது கடைப் பதிப்புக்கு செக்யூரொம் பூட்டும், ஜிஓஜி பதிப்புக்குப் பூட்டில்லாமலும் கொடுத்தார்கள். இணையத்தில் பரவிய கள்ளப் பிரதி எது தெரியுமா? பூட்டை உடைத்த கடைப் பதிப்பு. பூட்டில்லாததைக் கொப்பி எடுப்பதில் கள்ளக் குழுக்களுக்குப் பெருமை இல்லையாம். சில நாட்களில் கடைப் பதிப்பின் பூட்டையும் கம்பனி கழற்றிவிட்டது, கேமும் வேகமாக ஓடியது. 2015 இல் விட்சர் 3 ஜிஓஜியில் பூட்டில்லாமலே வந்தது. இதுவரை ஐந்து கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன.

இன்னொரு பக்கம் ஸ்டீம். 2003 இல் வந்தது. 2004 இல் ஹாஃப் லைஃப் 2 வை கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீமில் பதிந்தே ஆக வேண்டும் என்றபோது நிறையத் திட்டு வாங்கியது. ஸ்டீமும் ஒரு பூட்டுத்தான். ஆனால் கேமைத் திருத்துவது, சேமித்து வைப்பது, தள்ளுபடி என்று வசதி கூடக்கூட ஆட்கள் பூட்டை மறந்தார்கள். அதன் தலைவர் கேப் நியூவெல் 2011 இல் சொன்னதன் சாரம், கள்ளப் பிரதி விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்பது. கள்ளன் கொடுப்பதைவிடக் கடைக்காரன் நன்றாகக் கொடுத்தால் ஆட்கள் கடைக்கு வருவார்கள். டொலர் விலையும் வங்கி அட்டையும் இல்லாத நம்மூர்ப் பிள்ளைகளுக்கு விலையும் ஒரு பிரச்சினைதான் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

2014 முதல் டெனுவோ என்ற ஒஸ்திரியாப் பூட்டின் காலம். முன்னைய பூட்டுகள் போலன்றி இதை உடைக்க ஆரம்பத்தில் மாதங்கள் பிடித்தன, ஆகவே கம்பனிகளுக்குப் பிடித்துப் போனது. ஆனால் 2021 இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறைச் சிப் வந்தபோது, அதிலுள்ள இரண்டு வகைக் கோர்களைப் பார்த்து இது இரண்டு கணினி என்று நினைத்து, சில கேம்களை ஓடவிடாமல் நிறுத்தியது. புதுக் கணினிக்குக் காசைக் கொட்டியவருக்குக் கிடைத்த பரிசு அது. அதே வருடம் ரெசிடன்ட் ஈவில் வில்லேஜ் கேமின் உடைக்கப்பட்ட பிரதி ஒரிஜினலைவிடத் தடங்கலில்லாமல் ஓடுவதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். கம்பனியும் பிறகு திருத்தம் வெளியிட்டது.

இப்போது விஷயம் பூட்டையும் தாண்டிப் போய்விட்டது. 2014 இல் யுபிசொஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் கேமின் சேர்வரை 2024 மார்ச் 31 இல் நிறுத்தினார்கள். தனியாக ஓட்டுபவருக்கும் சேர்வர் தேவைப்பட்டதால் கேமே இறந்தது. அடுத்த மாதம், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ரொஸ் ஸ்கொட் என்ற அமெரிக்கர், கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். சேர்வரை மூடுவதென்றால் மூடுங்கள், போகும்போது கேம் ஓடும் நிலையில் விட்டுப் போங்கள் என்பது கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2025 நடுப்பகுதிக்குள் கையெழுத்திட்டார்கள். தி க்ரூ 2 வுக்காவது இணையமில்லாமல் விளையாடும் வழியைத் தருவதாகக் கம்பனி 2024 செப்டெம்பரில் அறிவித்தது.

கலிஃபோர்னியாவில் அதே மாதம் ஒரு சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். பின்னர் பறிக்கக்கூடிய ஒரு உரிமத்தை விற்றுக்கொண்டு "வாங்குங்கள்" என்று மொட்டையாக எழுதக்கூடாது, உரிமம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அமுலில் இருக்கிறது. ஸ்டீமில் காசு கட்டும் பக்கத்தில் இப்போது அந்த வரி வருகிறது, அடுத்த முறை மகன் உங்கள் அட்டையைக் கேட்கும்போது நீங்களும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில் கையேட்டோடு, அட்டைச் சில்லோடு, அல்லது அந்தச் சிவப்புத் தாளோடு பழைய கேம் பெட்டி ஏதும் கிடந்தால் படம் எடுத்துக் கொமண்டில் போடுங்கள். பஜாரில் வாங்கிய பொலித்தீன் உறை சீடியானாலும் பரவாயில்லை, அதன் அட்டைப் படத்தையாவது பார்ப்போம். சேஃப்டிஸ்க் பூட்டுள்ள ஒரிஜினல் சீடி வைத்திருப்பவர்கள், அதே கேம் ஜிஓஜியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தள்ளுபடிக் காலத்தில் சில பழைய கேம்கள் ஓரிரு டொலருக்கும் கிடைக்கும். கட்டாரிலிருந்து வாப்பா கொண்டுவந்த பெட்டியை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.